பட்டிப்பூ பச்சையாய்ப் பூத்த கதை

மச்சாள் வீட்டு விறாந்தையில் கால் வைக்க இடமில்லை. சுவரோரமெல்லாம் சின்னச் சின்னப் பூச்சாடிகள், படிக்கட்டில் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு சாடியிலும் சாணளவில் ஒரு பட்டிப்பூக் கன்று, கழுத்தில் பொன்நிற ரிப்பன், வயிற்றில் வட்டமாக வெட்டி ஒட்டிய அபிராமியின் முகம்.

"எப்பிடி இருக்கு, சுமதி?" என்று கேட்டார் மச்சாள். இரண்டு கையிலும் பயத்தம் மா. உள்ளே பலகாரச் சூடு நடந்துகொண்டிருந்தது. ஏலக்காய் மணமும் எண்ணெய் மணமும் வாசல் வரைக்கும் வந்தன.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. இணுவிலில் அடுத்தடுத்த வளவுகளில் இருக்கிறோம். அபிராமி அவருடைய ஒரே மகள். பிள்ளை பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு என்ற பூப்புனித நீராட்டுக்கு நாள் குறித்து, மண்டபமும் பிடித்தாயிற்று. விருந்துக்கு வந்தவர்கள் திரும்பும்போது கையில் ஒரு கன்று கொடுத்தனுப்புவதுதான் இப்போது எங்கள் பக்கத்து நாகரிகம். முந்தி எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார்கள், பிறகு பிளாஸ்ரிக் கூடை, இப்போது கன்று.

நான் ரிப்பனைப் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. பூவைப் பார்த்தேன். நித்தியகல்யாணி என்றும் சொல்லும் அந்தப் பூவில், ரோசா நிறத்தில் இருக்க வேண்டிய ஐந்து இதழும் பச்சை. ஒரு பூவின் நடுவிலிருந்து குட்டிக் கொப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. அடுத்த சாடியிலும் அப்படி. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"எத்தினை பேருக்குச் சொன்னனீங்கள், மச்சாள்?"

"ஊர் முழுக்கத்தான். சுன்னாகத்து ஆக்கள், சாவகச்சேரி ஆக்கள், எல்லாரும் வருவினம்."

நான் சாடிகளை எண்ணத் தொடங்கினேன்.

இலை நீட்டும் உறவுகள்

போன வாரம் இந்தப் பத்தியில் வெங்காயத்தைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர் கோபித்துக்கொண்டு தொலைபேசி எடுத்தார். வெங்காயத்தில் பிழையில்லை, எழுதியவரில்தான் பிழை என்றார். இருக்கட்டும். பூவுக்காக ஒருவரும் கோபிக்க மாட்டார்கள் என்ற துணிவில் இந்த வாரம் பூ.

விவசாயப் போதனாசிரியராக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. டொக்டரைக் கண்டால் சனம் நாக்கை நீட்டும். என்னைக் கண்டால் இலையை நீட்டும். ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் சேட்டுப் பையிலிருந்து சுருண்ட மிளகாய் இலையை எடுத்து, என் வாழையிலையின் ஓரத்தில் பச்சடிக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு செத்த வீட்டில், பிரேதம் எடுக்க முன், "மிஸ், ஒருக்கா இஞ்சாலை வாங்கோ" என்று கூட்டிப் போய் வாழையைக் காட்டினார்கள். செத்தவர் நட்ட வாழை என்பதால் நானும் மறுக்கவில்லை.

மச்சாள் மட்டும் என்னிடம் ஒரு இலையும் காட்டியதில்லை. தம்பி பெண்சாதியிடம் போய்க் கேட்பதா என்று ஒரு இது. அதோடு அந்த வருடம் எனக்கு வேலை சாவகச்சேரிப் பக்கம். காலையில் பஸ் ஏறினால் பொழுதுபடத்தான் வீடு. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு மதிலும் உண்டு. அக்காவும் தம்பியும் நல்ல சந்தோசமாக இருந்த காலத்தில் கட்டிய மதில் அது. கோபமாக இருந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று சிலவேளை யோசிப்பேன். பச்சைப் பூ என் கண்ணில் படாமல் வளர்ந்தது அந்த மதிலுக்கு அந்தப் பக்கத்தில்தான்.

மதில் கட்டாத கூட்டம்

பற்றீரியாக்களில் பெரும்பாலானவை தம்மைச் சுற்றி ஒரு சுவர் கட்டிக்கொண்டு வாழ்பவை. கலச்சுவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதலில் வேலி அடைப்போம், பிறகு வேலியைப் பிரித்து மதில் கட்டுவோம், அதுவும் போதாமல் மதிலுக்கு மேல் உடைந்த போத்தல் பதிப்போம்.

ஆனால் சுவரே கட்டாத ஒரு கூட்டமும் பற்றீரியாக்களில் உண்டு. மெல்லிய ஒரு தோல், அவ்வளவுதான். மனிதரிலும் மிருகத்திலும் குடியிருப்பவற்றில் பலவற்றுக்கு மைக்கோபிளாஸ்மா என்று பெயர். பயிரில் குடியிருப்பது பைற்றோபிளாஸ்மா. ஆட்டில் வந்தால் நெஞ்சைப் பிடிக்கும், முழங்கால் வீங்கும், மடி வற்றும். கோழியில் வந்தால் கூடு முழுக்கத் தும்மல். ஆட்டில் இருப்பது கத்தரிக்குப் போகாது, கத்தரியில் இருப்பது எங்களுக்கு வராது. அந்த மட்டில் ஒழுக்கமானவை.

எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை வந்திருக்கிறது. இவருக்கு ஒரு இருமல். நித்திரை கொள்ள விடாது, ஆனால் பாயில் விழுத்தவும் செய்யாது. ரொறன்ரோவில் இருக்கும் பெரியண்ணை, இவருக்கும் மச்சாளுக்கும் மூத்தவர், வீடியோவில் இருமலைக் கேட்டார். இருமச் சொல்லி இன்னொருமுறையும் கேட்டார்.

"நான் போனமுறை கொண்டுவந்த குளிசை இருக்குமே, அதைப் போடு" என்றார்.

இருந்தது. ஐஸ்கிறீம் பெட்டி நிறைய இருந்தது. எங்கள் ஊரில் எந்த வீட்டு ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருக்கிறது?

எல்லாம் பெனிசிலின் வகை. அவை பற்றீரியாவின் சுவரைப் பழுதாக்கித்தான் ஆளைச் சாய்க்கும். இங்கேயோ பழுதாக்கச் சுவரில்லை. குளிசைகள் உள்ளே போய் விலாசம் விசாரித்துக்கொண்டிருக்க, இருமல் இவரோடு சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வந்தது. கடைசியில் ஒரு டொக்டர் வேறு இன மருந்து எழுதித் தந்த பிறகுதான் அடங்கியது. பெரியண்ணை இன்றைக்கும் தன் குளிசையால் வந்த சுகம் என்றுதான் சொல்லித் திரிகிறார்.

பயிருக்கு வருவது இன்னும் வேடிக்கையானது. செடியின் சாப்பாட்டுக் குழாய்க்குள் புகுந்து அதன் புத்தியையே மாற்றிவிடும். பூக்க வேண்டிய இடத்தில் இலை வரும். ஒரு கொப்பு வர வேண்டிய இடத்தில் விளக்குமாறு மாதிரி ஒரு கட்டு வரும். எள்ளுச் செடியில் எள் இருக்காது. கத்தரியில் இலை சிறுத்து, செடி பற்றையாகி, காய் இல்லாமல் போகும். சிற்றிலை நோய் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். பட்டிப்பூவில் வந்தால் பூ பச்சையாகும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காவிக்கொண்டு போவது தத்தி என்ற சின்னப் பூச்சி. இங்கே சாறு குடித்துவிட்டு அங்கே போய்க் குந்தும்.

இந்த நோயின் வடிவில் மயங்கிய முதல் ஆள் மச்சாள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். யேசு பிறந்த நத்தார் காலத்தில் கடைகளில் வைக்கும் சிவப்பு இலைச் செடி, சாடிக்குள் அடக்கமாகப் பல கொப்பு விட்டு நிற்பதற்கும் இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் காரணம். உலகம் முழுக்க அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

ஹெலிகொப்டரும் பச்சைப் பூவும்

பங்குனி வெய்யிலில் மச்சாளின் பட்டிப்பூச் செடி ஒன்றில் ஒரு கொப்பு மட்டும் பச்சையாகப் பூத்திருக்கிறது. அவர் படம் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினார். வெளிநாட்டில் பச்சைப் பூ என்றால் பெரிய மதிப்பு, இது அருமையான இனம், ஒருவருக்கும் சொல்லாதே என்று பதில் வந்தது. மருந்து சொன்ன அதே பெரியண்ணைதான்.

அந்த நேரம் பக்கத்து ஊரில் ஒரு சாமத்திய வீட்டுக்கு ஹெலிகொப்டர் பிடித்துப் பூத் தூவினார்கள். பூவெல்லாம் காற்றில் அள்ளுப்பட்டுப் பக்கத்து வளவு மாட்டுக் கொட்டிலில் விழுந்ததாகக் கேள்வி. மாடு சந்தோசமாகச் சாப்பிட்டதாம். ஆனாலும் சனம் வாய் ஓயாமல் அதையே கதைத்தது. மச்சாளிடம் ஹெலிகொப்டர் இல்லை. ஒருவரிடமும் இல்லாத பூ இருந்தது. அந்தத் தாய்ச்செடியிலிருந்து தடி வெட்டி வெட்டி, பின் வளவில் நிழல் வலைக்குக் கீழே, மாதக்கணக்காகப் பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்திருக்கிறார். விதை போட்டிருந்தால் பெரும்பாலும் நோய் தொடர்ந்திராது. தடி வெட்டி வைத்தால் நோயும் கூடவே வரும்.

அன்றைக்கு விறாந்தையிலிருந்து இறங்கினேன். பின் வளவுக்கு நடந்தேன். அதை ஒட்டித்தான் அயலவர் செல்வம் அண்ணையின் கத்தரித் தோட்டம். என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

"நல்ல நேரம் வந்தியள், மிஸ். கத்தரி என்ன மாதிரிச் செழிச்சு நிக்குது பாத்தியளே? காய் மட்டும்தான் இல்லை."

"தோட்டம் முழுக்கவோ?"

"இல்லை, உந்த ஓர வரிசையள்தான். நாவூறு எண்டு நினைக்கிறன். சந்தைக்குப் போன ஒருத்தி நிண்டு பாத்து, என்ன செழிப்பு எண்டவள். அண்டைக்கே ஒரு வெருளி கட்டிப்போட்டன்."

வெருளி என் கணவரின் பழைய சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு கையை விரித்தபடி நின்றது. அதன் காலடியில், தண்ணீர்ப் பம்பிக்குப் பக்கத்தில், ஒரு சாடியில் பச்சைப் பட்டிப்பூ.

"அக்கா தந்தவ. நல்ல வடிவெல்லே?" என்றார்.

கத்தரியைத் தட்டினேன். தத்திகள் பொரி மாதிரித் துள்ளின.

செல்வம் அண்ணை அந்த ஒரு போகத்தை நம்பி வீட்டு வேலை தொடங்கி, கூரை இல்லாமல் நின்றார். மச்சாளின் விருந்தாளிகளில் முக்கால்வாசிப் பேர் அவரைப் போலத் தோட்டக்காரர்தான். ஒவ்வொருவரும் ஒரு சாடியைக் கொண்டுபோய்த் தன் கிணற்றடியில் வைப்பார். அடுத்த போகம் எத்தனையோ தோட்டங்களில் கத்தரி செழித்து நிற்கும், காய் மட்டும் இருக்காது. ஒரு சாடிகூட வெளியே போகக்கூடாது. ஆனால் அதை மச்சாளுக்கு யார் சொல்வது?

கிணற்றடியில்

"எண்ணெய் கொதிக்குது, கெதியாச் சொல்லு" என்று மாக் கையோடு வந்தார் மச்சாள்.

"உந்தக் கன்றுகளைக் குடுக்கேலாது, மச்சாள். அதுக்கு வருத்தம், நோய் பிடிச்சிருக்கு."

"பூவுக்கு வருத்தமோ? என்ன வருத்தம், தடிமனோ, காய்ச்சலோ?"

"கிருமி. சுத்தவர மதில் இல்லாத கிருமி. அதாலை கண்ட மருந்துக்கும் அடங்காது."

"மதில் இல்லாட்டில் ஒரு வேலியாவது இருக்குமே."

"வேலியும் இல்லை."

"அதென்ன சீவியம்?" என்றார், அந்தக் கிருமியின் குடும்பத்தையே குறைவாக நினைத்தவர் போல. பிறகு குரல் மாறியது. "ஏதாவது மருந்து அடி. உதுக்குத்தானே உன்னைப் படிப்பிச்சு வேலை தந்திருக்கினம்."

"அடிச்சு மாத்தேலாது. பிடுங்கி எரிக்கிறதுதான்."

"எரிக்கிறதோ? பிள்ளை இருந்து இருந்து தன்ரை கையாலை படம் ஒட்டினவள். நீ முந்தியே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் காட்டினால் எல்லோ சொல்ல."

"பெரியண்ணை அருமையான இனம் எண்டவர்."

"பெரியண்ணை உங்கடை தம்பியின்ரை இருமலுக்கும் குளிசை சொன்னவர்."

நான் செல்வம் அண்ணையின் கத்தரியைப் பற்றிச் சொன்னேன். தத்தியைப் பற்றிச் சொன்னேன். மச்சாள் தலையாட்டினார், ஆனால் கண் விறாந்தைப் பக்கம்தான். செல்வம் அண்ணையின் சாடியிலிருந்து பறித்து வந்த பூவைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் மடிந்த குட்டி இலைகள்.

"பூ இலையாப் போச்சு, மச்சாள்."

"அப்ப விதை?"

"இல்லை."

"பிறகும் வராதோ?"

"வராது."

ஒரு சொல்

எங்கள் ஊரில் காய்க்காத மரத்துக்கும், கன்று போடாத மாட்டுக்கும், பிள்ளை பெறாத பெண்ணுக்கும் ஒரே சொல்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கலியாணம் முடித்த புதிதில் விசாரித்தார்கள், பிறகு நேர்த்தி வைக்கச் சொன்னார்கள், பிறகு ஒரு தேர்த் திருவிழாவில் எனக்குப் பின்னால் நின்று அந்தச் சொல்லைச் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நன்றாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அந்தச் சொல்லைக் கிணற்றடியில் வைத்து நான் சொல்லியிருந்தால் காரியம் ஒரு நொடியில் முடிந்திருக்கும். சாமத்திய வீட்டில் அப்படிப்பட்ட கன்றைக் கொடுக்க எங்கள் பக்கத்தில் ஒருவரும் துணிய மாட்டார்கள். கிருமி, தத்தி, கத்தரி ஒன்றையும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

என்னால் முடியவில்லை. ஒரு செடிக்குக்கூட அது என் வாயால் வர எனக்கு விருப்பமில்லை. இங்கே எழுதவும் விருப்பமில்லை.

"வருத்தம், மச்சாள். அவ்வளவுதான்" என்று திரும்பவும் சொன்னேன்.

மச்சாள் பூவைப் பார்த்ததைவிட என்னை அதிக நேரம் பார்த்தார். பிறகு வாளியில் கையைக் கழுவினார். உள்ளே போய் அடுப்பை நிற்பாட்டினார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன செய்ய வேணும், சொல்லு."

முதலில் பூச்சிக்கு மருந்து அடித்தோம். அடிக்காமல் பிடுங்கினால் தத்தி எழும்பி ஊர் சுற்றப் போய்விடும். பிறகு கன்றுகளைப் பிடுங்கிச் சாக்கில் கட்டிப் பின் வளவில் எரித்தோம். மச்சாள் ஒவ்வொரு கன்றையும் பிடுங்க முன் ரிப்பனைக் கழற்றினார். அபிராமி ஒரு மூலையில் நின்று விம்மினாள். ஏற்கெனவே இரண்டு மூன்று வீடுகளுக்குப் போயிருந்த கன்றுகளை மச்சாள் தானே நேரில் போய்த் திருப்பி வாங்கி வந்தார். என்ன சொல்லி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

செல்வம் அண்ணையைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும் பாடு. செழித்த செடியைப் பிடுங்கிய பாவம் தன்னைச் சுற்றும் என்றார். ஓர வரிசைகளைப் பிடுங்கினார், உள்ளே இருந்தவை தப்பின. வெருளியை மட்டும் கழற்ற மறுத்துவிட்டார்.

சாடிகளுக்குப் புதுக் கன்று வேண்டும். சாவகச்சேரியில் எனக்குத் தெரிந்த நாற்றுக்காரரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டு மச்சாளுக்குச் சொன்னேன். மிளகாய் என்றால் எரிச்சல், வேண்டாம். பாகல் என்றால் கசப்பு, வேண்டாம். கடைசியில் கறிவேப்பிலை. வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வராத கன்று அதுதான்.

மண்டபத்தில்

ஆலாத்தி தெரியும்தானே. தட்டில் வாழைப்பழத் துண்டுகளை வைத்து, அதில் திரி ஏற்றி, இரண்டு பெண்கள் சேர்ந்து பிள்ளைக்குச் சுற்றி எடுப்பது. தாய்மாமனின் மனைவிக்கு அதில் முதல் உரிமை. அவள் பிள்ளை பெற்றவளாக இருந்தால் மட்டும். எத்தனையோ வீடுகளில் நல்ல நேரம் நெருங்கும்போது, "சுமதி, சமையல் பக்கம் ஒருக்காப் பாரன்" என்று என்னை அனுப்பியிருக்கிறார்கள். பழகிப்போய், சொல்ல முன்னமே நானாகப் போய்விடுவேன். அன்றைக்கும் மண்டப வாசலில் கறிவேப்பிலைச் சாடிகளுக்குக் காவலாக நின்றேன். ஆலாத்தியைப் பற்றி மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மச்சாளுக்குப் பெரியம்மா முறையான ஒருவர் வந்து, ஒரு சாடியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரவேற்க நின்ற மச்சாளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இதென்ன, கறிவேப்பிலை? பச்சைப் பூ எண்டெல்லோ கதை. அது காய்க்காத இனமாமே. அதுக்கு ஒரு சொல் சொல்லுறது, ம..."

"இனத்திலை ஒரு குறையும் இல்லை, பெரியம்மா" என்றார் மச்சாள். குரல் உயரவில்லை. "பூச்சி கொண்டுவந்த வருத்தம். அதுக்குச் செடி என்ன செய்யும்?"

பெரியம்மா சாடியை வைத்துவிட்டு உள்ளே போனார். மச்சாள் என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் இதிலை நிக்கிறாய்? மேடைக்கு வா. ஆலாத்தி நீதான் எடுக்கிறாய்."

"மச்சாள், சனம் என்ன..."

"சனம் சாப்பிட்டிட்டுப் போகும். வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடிக்க அபிராமியின் தகப்பனுடைய தங்கை ஏற்கெனவே நின்றாள். எப்படி எடுப்பது என்று அவள் மெல்லச் சொல்லித் தர வந்தாள். தேவையிருக்கவில்லை. அத்தனை வருடமும் தூர நின்று பார்த்திருக்கிறேன்.

தட்டு மேலே போய்க் கீழே வந்தது. எனக்குத் திரி மங்கலாகத் தெரிந்தது. அபிராமி சிரித்த முகத்தைக் கலைக்காமல், பல்லிடுக்கால் மெல்லச் சொன்னாள்.

"மாமி, அழாதேங்கோ. வீடியோ எடுக்கினம்."

எடுத்திருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் பார்த்திருக்கிறார்கள். அழுதுகொண்டுதான் நிற்கிறேன்.